புனித போனிபாஸ் ஓக் மரத்தை வெட்டிய கதை உண்மையா? கிறிஸ்துமஸ் மரம் அவரிடமிருந்து வந்ததா?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆம், இரண்டாவதற்கு இல்லை என்பதே என் பதில்.

போனிபாஸின் இயற்பெயர் வின்ஃப்ரித். இங்கிலாந்தின் வெசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த துறவி. 719-இல் திருத்தந்தை இரண்டாம் கிரகோரி புதுப் பெயர் சூட்டி, ஜெர்மானிய மக்களிடம் அனுப்பினார்.

723 வாக்கில், கைஸ்மார் என்ற ஊரில் இடிக் கடவுள் டோனாருக்குரிய ஓக் மரத்தை அவர் வெட்டினார். அவர் இறந்து அதிக காலம் ஆகும் முன்பே வில்லிபால்டு என்ற குரு எழுதிய வரலாற்றிலேயே இது இருக்கிறது. கோடரி சிறிது பட்டதுமே காற்று வீசி, மரம் நான்காகப் பிளந்து விழுந்தது என்கிறார் அவர். அந்தக் காற்றைப் பக்தி சேர்த்த அழகு என்றே நினைக்கிறேன். மரம் விழுந்தும் இடி விழவில்லை, மக்கள் மனம் மாறினார்கள். அந்த மரத்தைக் கொண்டே புனித பேதுருவுக்கு ஒரு சிற்றாலயம் எழும்பியது.

அவருடைய துணிச்சல் பெரிதுதான். ஆனால் பிராங்கு ஆட்சியாளர் சார்லஸ் மார்ட்டெலின் பாதுகாப்பும் பின்னால் இருந்தது. அது இல்லாமல் பணி நடக்காது என்று அவரே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார்.

சரி, கிறிஸ்துமஸ் மரம்? விழுந்த ஓக்கின் அடியில் ஊசியிலைக் கன்று முளைத்திருந்தது என்பது வெகுகாலம் கழித்து ஒட்டிக்கொண்ட கதை. வில்லிபால்டு அதைச் சொல்லவே இல்லை.

754 ஜூன் 5-இல், இன்றைய நெதர்லாந்தின் டொக்கும் அருகே அவரைக் கொன்றார்கள். அப்போது ஒரு புத்தகத்தைத் தலைக்கு மேல் கேடயமாகப் பிடித்தாராம். ஆழமான வெட்டுக்காயங்களோடு ஒரு பழைய கையெழுத்து நூல் ஜெர்மனியின் ஃபுல்டா நகரில் இன்றும் இருக்கிறது. அவர் கல்லறையும் அங்கேதான்.