கண்ணோரம் குழி விழுந்தால் யானை பட்டினி என்று அர்த்தமா?

உயிரியல் பூங்காவில் பார்த்த வயதான பெண் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே குழி விழுந்திருக்கிறது, பட்டினி போடுகிறார்களா, அதன் படத்தைப் போட்டு ஒருவர் சத்துமருந்துக்குப் பணம் திரட்டுகிறாரே அனுப்பலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அனுப்பாதீர்கள். அந்தக் குழியைக் காட்டித்தான் இந்த ஆட்கள் வசூல் செய்கிறார்கள். நல்ல சதைப்பிடிப்புள்ள யானைக்கும் வயதானால் அங்கே குழி விழலாம், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. யானை மருத்துவர்களான நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது உடம்பை: முதுகெலும்பு வரப்பு மாதிரி துருத்துகிறதா, விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, இடுப்பெலும்புக்கு முன்னால் உள்ள பள்ளம் எவ்வளவு ஆழம். இதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு, 1 என்றால் எலும்பும் தோலும், 5 என்றால் எலும்பே தெரியாத கொழுப்பு.

பூங்கா யானைகளிடம் அதிகம் பார்ப்பது மெலிவு இல்லை, பருமன்தான். நடை குறைவு, தீனி தாராளம், அந்தப் பாரமெல்லாம் பாதத்திலும் மூட்டிலும் இறங்குகிறது. ஏற்கெனவே பருத்த யானைக்குச் சத்துமருந்து விற்பவனை என்னவென்று சொல்ல?

ஆனால் கிழட்டு யானை நிஜமாகவே மெலிந்தால் பல்லைப் பார்க்கவேண்டும். யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதி கடைவாய்ப்பற்கள்தான், ஒன்று தேய்ந்து உதிர உதிர அடுத்தது பின்னாலிருந்து நகர்ந்து வரும், ஆறாவதும் தேய்ந்துவிட்டால் எவ்வளவு தீவனம் போட்டாலும் அரைக்க முடியாது. லத்தியைப் பிரித்தாலே தெரிந்துவிடும், நார் மெல்லப்படாமல் நீள நீளமாக அப்படியே கிடக்கும். அதற்குத் தேவை நறுக்கி ஊறவைத்த தீவனம், டானிக் இல்லை.

யானை மெலிகிறதா பருக்கிறதா என்று கண்டுபிடிக்க மாதம் ஒருமுறை எடைமேடையில் ஏற்றினாலே போதும். அதைக்கூடச் செய்யாமல், பூங்காக்காரர்கள் போன மாத எண்ணையே பதிவேட்டில் திரும்ப எழுதிவைக்கிறார்கள், கேட்டால் ஆள் இல்லை, மேடை பழுது! எத்தனை தடவை எழுதிக் கொடுப்பது?

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். அடுத்த முறை போகும்போது பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் முழு உடம்பும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், நொண்டுகிறதா, ஒரே காலைத் திரும்பத் திரும்பத் தூக்கி வைக்கிறதா, நகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: கடைசி எடை எவ்வளவு, எந்தத் தேதியில் எடுத்தது, பல்லைக் கடைசியாக யார் பார்த்தார்.