செய்ய வேண்டாத வேலையைத் தேடும் வேலை: அல்காரிதம் ஆய்வு குறித்துச் சில கேள்விகள், பதில்கள்

ஒரு வேலையைக் கணினி செய்து முடிப்பதற்கான படிப்படியான வழிமுறைக்கு அல்காரிதம் என்று பெயர். திறன்மிகு அல்காரிதம்கள் என்னும் துறையில் சென்னையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கற்பித்தும் ஆய்வு செய்தும் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவள் நான். பல தரப்பினரும் அனுப்பிய கேள்விகளில் ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்து, கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை மாற்றாமல், கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அம்பத்தூர், தனியார் நிறுவன ஊழியர்): கணினியின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. அப்படியிருக்க, வேகமான அல்காரிதம் வேண்டும் என்று ஒருவர் வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்து யோசிக்க வேண்டுமா?

பதில்: இதே கேள்வியை என் மாமனார் காலமாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கோடிப் பெயர்களை அகரவரிசைப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயர்களோடும் ஒப்பிட்டால் கோடியைக் கோடியால் பெருக்கிய அளவுக்கு ஒப்பீடுகள் ஆகும். வினாடிக்குப் பத்துக் கோடி ஒப்பீடு செய்யும் கணினிக்கும் அது பதினொன்றரை நாள் வேலை. இதற்கு மாறாக, கணித அறிஞர் ஜான் வான் நாய்மன் 1945-இல் எழுதிய இணைப்பு முறையைக் கையாண்டால் சுமார் 24 கோடி ஒப்பீடுகளே தேவைப்படும். இரண்டரை வினாடிக்குள் வேலை முடியும். பத்து மடங்கு வேகமான கணினியை வாங்கிப் பழைய முறையையே ஓட்டினாலும் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பெயர்கள் பத்து மடங்கு பெருகினாலோ, பழைய முறையின் வேலை நூறு மடங்காகும். இணைப்பு முறையின் வேலை பத்து மடங்கைச் சற்றே தாண்டும்.

இதன் சூட்சுமம் விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்த ஆசிரியர் எவருக்கும் தெரிந்ததுதான். பதிவு எண் வரிசையில் ஏற்கெனவே அடுக்கிய இரண்டு கட்டுகளை ஒன்றாக்க வேண்டுமானால், இரண்டிலும் மேலே இருக்கும் தாளை மட்டும் பார்த்துச் சிறிய எண்ணை எடுத்து வைத்துக்கொண்டே போகலாம். அடியில் இருக்கும் தாள்களைப் புரட்ட வேண்டியதில்லை. அவை பெரிய எண்கள் என்பது பார்க்காமலே தெரியும். அப்படிப் பார்க்காமல் விடக்கூடியது எது என்று கண்டுபிடிப்பதுதான், என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மொத்த வேலையும்.

கேள்வி (குரோம்பேட்டை, பொறியியல் கல்லூரி மாணவி): வணக்கம் அம்மா. நீங்கள் எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள்?

பதில்: திட்டமிட்டு வரவில்லை. 1980-களின் தொடக்கத்தில் நான் படித்தபோது, நிரலைத் துளை அட்டைகளில் பொறித்து, ரப்பர் பட்டை போட்டுக் கணினி மையத்தின் சன்னலில் கொடுத்துவிட்டு வந்து, மறுநாள் போய் அச்சிட்ட தாளை வாங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் சில நிமிடக் கணினி நேரம்தான் ஒதுக்குவார்கள். என் நிரல் நேரம் தீர்ந்து பாதியில் நிறுத்தப்பட்டது என்று மூன்று நாள் தொடர்ந்து தாள் வந்தது. நான்காம் நாள் அட்டைகளை மேசையில் பரப்பிப் பார்த்தபோது, ஒரே இடைவிடையை நூற்றுக்கணக்கான முறை புதிதாகக் கணக்கிட வைத்திருந்தது கண்ணில் பட்டது. ஒருமுறை கணக்கிட்டு எழுதி வைக்கும்படி ஆறு அட்டைகளை மாற்றினேன். நிரல் ஒதுக்கிய நேரத்துக்குள்ளேயே ஓடி முடிந்தது.

அந்தப் பருவத்திலேயே எங்கள் ஆசிரியர் கராட்சுபாவின் கதையைச் சொன்னார். இரண்டு பெரிய எண்களைப் பெருக்கப் பள்ளியில் கற்கும் முறையைவிட அடிப்படையில் வேகமான முறை இருக்க முடியாது என்று 1960-இல் மாஸ்கோவில் கணித மேதை கொல்மொகோரொவ் ஒரு கருத்தரங்கில் கூறினார். கேட்டுக்கொண்டிருந்த 23 வயது மாணவர் கராட்சுபா ஒரு வாரத்துக்குள் வேகமான முறையோடு வந்து நின்றார். 47-ஐ 63-ஆல் பெருக்கிப் பாருங்கள். பள்ளி முறையில் நான்கு சிறு பெருக்கல்கள் வேண்டும். கராட்சுபாவுக்கு மூன்று போதும்: நாலாறு 24, ஏழு மூன்று 21, பிறகு இலக்கங்களைக் கூட்டி 11-ஐ 9-ஆல் பெருக்கினால் 99. அந்த 99-இலிருந்து 24-ஐயும் 21-ஐயும் கழித்தால் 54. இப்போது 2400, 540, 21 ஆகியவற்றைக் கூட்டினால் 2961. ஒரு பெருக்கல் மிச்சமானதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் 1024 இலக்க எண்களைப் பாதி பாதியாகப் பிரித்துப் பத்துத் தட்டு இறங்கும்போது, நான்கு நான்காகப் பெருகினால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள். மூன்று மூன்றாகப் பெருகினால் 59,049. அன்று விடுதிக்குத் திரும்பி, இரவுச் சாப்பாட்டை மறந்து, நோட்டில் எண்களைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

கேள்வி (திருவல்லிக்கேணி, தமிழாசிரியர்): ‘அல்காரிதம்’ என்றே எழுதுகிறீர்களே, தமிழ்ச் சொல் இல்லையா?

பதில்: பாடநூலில் ‘நெறிமுறை’ என்று இருக்கிறது. தேர்தல் காலத்தில் அந்தச் சொல் வேறு பொருளில் நாள்தோறும் செய்தித்தாளில் வருவதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். ஆகவே வகுப்பில் நான் அதைத் தவிர்த்தேன். அல்காரிதம் என்பதும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கணித அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயர் திரிந்து வந்ததே. ஆங்கிலமும் கடன்தான் வாங்கியது.

கேள்வி (பெரம்பூர், உணவு விநியோகம் செய்பவர்): கைப்பேசி வரைபடம் ஒரு நொடியில் வழி சொல்கிறது. இத்தனை தெருக்களையும் எப்படிப் பார்த்து முடிக்கிறது?

பதில்: எல்லாத் தெருக்களையும் பார்ப்பதில்லை என்பதுதான் விடை. அடிப்படை முறையைக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தபடி, தாளும் எழுதுகோலும் இல்லாமல், இருபது நிமிடத்தில் யோசித்ததாகப் பின்னர் கூறியிருக்கிறார். அது அச்சில் வந்தது 1959-இல். தரையில் கொட்டிய தண்ணீர்போலப் புறப்பட்ட இடத்திலிருந்து நாலாபக்கமும் பரவி, அருகிலிருக்கும் சந்திப்பை முதலிலும் அடுத்ததை அடுத்தும் தொட்டுக்கொண்டே போவது அதன் இயல்பு. தாம்பரத்திலிருந்து திருவொற்றியூருக்கு வழி கேட்டால், அந்தத் தண்ணீர் வடக்கே போவதோடு நிற்காமல் மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் வீணாகப் பரவும்.

இந்த வீணைக் குறைப்பதற்கு 2000-களில் நல்ல வழிகள் கிடைத்தன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட முறையில், சிறு சந்திப்புகளை முன்கூட்டியே ஒவ்வொன்றாகச் சுருக்கி, முக்கியச் சந்திப்புகளுக்கு இடையே குறுக்கு இணைப்புகளைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். சந்து பொந்துகளைப் புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் பார்த்தால் போதும். நடுவில் பெரிய சாலைகள்தான்.

இதில் எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது 2025-இல் வந்த முடிவு. டெய்க்ஸ்ட்ராவின் முறை சந்திப்புகளைத் தூர வரிசையிலேயே தொடுவதால், தூரங்களைக் கண்டுபிடிப்பதோடு அவற்றை வரிசைப்படுத்தியும் தந்துவிடுகிறது. ஆகவே வரிசைப்படுத்த ஆகும் நேரத்துக்குக் கீழே போக வழியில்லை என்று எங்களில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருந்தோம். சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் ரான் துவானும் அவரோடு சேர்ந்தவர்களும் கேட்டது எளிய கேள்வி: யார் வரிசை கேட்டார்கள்? தூரம் மட்டும்தானே வேண்டும்? வரிசையை முழுமையாகப் பேணாமல் தூரங்களைக் கண்டுபிடிக்கும் வழியைக் காட்டி, சந்திப்புகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட அவற்றை இணைக்கும் தெருக்கள் மிக அதிகமாக இல்லாத வலையமைப்புகளில் அந்தத் தடையைத் தாண்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குச் சற்றுப் பொறாமையாகவும் இருந்தது.

கேள்வி (பழைய மகாபலிபுரம் சாலை, மென்பொருள் பொறியாளர்): உங்கள் துறைக் கட்டுரைகளில் பாதி எந்தக் கணினியிலும் ஓடாதவை. இது நேர்மையான ஆய்வா?

பதில்: குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. டேவிட் ஹார்வியும் யோரிஸ் வான் டெர் ஹூவனும் 2019-இல் அறிவித்த பெருக்கல் முறை கோட்பாட்டளவில் இதுவரை அறிந்தவற்றுள் மிக வேகமானது. ஆனால் அது பலன் தரத் தொடங்கும் எண்களை எழுதி வைக்க உலகத்தில் நினைவகம் போதாது. இருந்தாலும் நேரியல் திட்டமிடலின், அதாவது பல கட்டுப்பாடுகளுக்குள் மிகக் குறைந்த செலவையோ மிக அதிகப் பலனையோ காணும் கணக்குகளின், வரலாற்றைப் பாருங்கள். டான்ட்சிக் 1947-இல் தந்த சிம்ப்ளெக்ஸ் முறை நடைமுறையில் வேகமாக ஓடியது, ஆனால் அதைத் திணறடிக்கும் கணக்குகள் உண்டு என்று 1972-இல் தெரியவந்தது. 1979-இல் கச்சியான், கணக்கு பெரிதாகும்போது நேரம் கட்டுக்கடங்காமல் பெருகாது என்று எல்லாக் கணக்குகளுக்கும் உத்தரவாதம் தரும் முறையைக் கண்டார். நடைமுறையில் அது நத்தை. உத்தரவாதம் சாத்தியம் என்று தெரிந்த பிறகு, மும்பை ஐஐடியில் படித்து பெல் ஆய்வகத்தில் இருந்த நரேந்திர கர்மார்க்கர் 1984-இல் உத்தரவாதமும் வேகமும் சேர்ந்த முறையைத் தந்தார். கச்சியானை ‘ஓடாத கட்டுரை’ என்று ஒதுக்கியிருந்தால் நட்டம் யாருக்கு? ஆனால் ஓடாது என்று தெரிந்தும் முன்னுரையில் ‘பல பயன்பாடுகள்’ என்று எழுதுவது நேர்மையில்லை. நானும் இளமையில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அடையாறு, முனைவர் பட்ட மாணவர்): ஆய்வு நாள்தோறும் எப்படி நடக்கும்? தோல்வியை எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்: பெரும்பாலான நாள்கள் ஒன்றும் நடக்காது. கரும்பலகை, சுண்ணாம்புக் கட்டி, நேற்று எழுதியதில் தப்பு எங்கே என்ற தேடல், நடுவில் துறைக் கூட்டம், தேர்வுத்தாள். ஒருமுறை வலையமைப்பில் குறுகிய பாதை காண்பது குறித்து ஒரு துணைத்தேற்றம் (பெரிய முடிவுக்குப் படியாக உதவும் சிறு முடிவு) நிறுவி, அதன்மேல் நான்கு மாதம் கட்டடம் எழுப்பினேன். கட்டுரை அனுப்புவதற்கு முந்தைய வாரம் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, ‘ஒவ்வோர் அடியிலும் தூரம் கூடும்’ என்ற வரியில் ஓர் இளங்கலை மாணவி கை தூக்கினாள். “மேடம், இணைப்பின் நீளம் பூஜ்ஜியமாக இருந்தால் தூரம் கூடாதே, அப்படியே நிற்குமே?” என்றாள். பூஜ்ஜியம் வரக்கூடாது என்று கணக்கில் எங்கும் நான் சொல்லியிருக்கவில்லை. பலகையில் இரண்டு புள்ளி போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்து அதன்மேல் 0 என்று எழுதினேன். நான்கு மாத வேலை போயிற்று. மீட்டது மூன்றில் ஒரு பங்குதான், அதை அந்த மாணவியின் பெயரையும் சேர்த்து வெளியிட்டோம். அதற்குப் பிறகு, எதை எழுதினாலும் பூஜ்ஜியம், வெற்றுத்தொகுதி, இரண்டு சமமானால் என்ன என்ற மூன்றையும் முதலில் போட்டுப் பார்ப்பது வழக்கமாயிற்று.

கேள்வி (வேளச்சேரி, பிளஸ் டூ மாணவியின் தாய்): மகளுக்கு இதில் ஆர்வம் இருக்கிறது. வெளியூர் போகாமல் படிக்க முடியுமா? சோறு போடுமா?

பதில்: சென்னையைவிட்டு எங்கும் போக வேண்டியதில்லை. கிண்டியில் சென்னை ஐஐடி, தரமணியில் 1962-இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் ஆகிய மூன்றிலும் இந்தத் துறை வலுவாக இருக்கிறது. சிறுசேரியில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த இளங்கலைப் படிப்பே உண்டு. பணம் என்றால், ஒன்றிய அரசின் ஆய்வு உதவித்தொகை 2023 முதல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். உங்கள் பகுதி வாடகைக்கு அது தாராளம் என்று சொல்ல மாட்டேன்.

தரமணியில் என்ன செய்கிறார்கள் என்பதற்கு ஒரு மாதிரி சொல்கிறேன், மகளிடம் காட்டுங்கள். 1000 தெருச்சந்திப்புகள் உள்ள பகுதியில், ஒவ்வொரு தெருவின் இரு முனைகளில் ஒன்றிலாவது கேமரா இருக்கும்படி, 10 கேமராக்களால் சமாளிக்க முடியுமா என்பது கேள்வி. பத்துச் சந்திப்புகளைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை எல்லாம் வினாடிக்கு நூறு கோடி வீதம் சோதித்தாலும் 80 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மாறாக, கேமரா இல்லாத ஏதாவது ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இந்த முனையிலோ அந்த முனையிலோ கேமரா வந்தே தீர வேண்டும், இரண்டே வழிகள்தான். ஒன்றை வைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனால் மறுபடியும் இரண்டு. கேமரா பத்துதான் என்பதால் பத்துப் படியில் 1024 கிளைகளோடு தேடல் முடிந்துவிடுகிறது. ஊர் எவ்வளவு பெரிதானாலும் கிளைகளின் எண்ணிக்கை மாறாது. பொதுவாகக் கடினமான கணக்கில் சிறிய எண் ஒன்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடும் இந்தப் பிரிவில் தரமணி ஆய்வாளர்களின் பெயர் உலகெங்கும் தெரியும்.

கேள்வி (போரூர், கல்லூரி விரிவுரையாளர்): செயற்கை நுண்ணறிவே அல்காரிதம் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டது என்கிறார்களே, இனி மனிதருக்கு என்ன வேலை?

பதில்: எண்களை வரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டங்களில் அடுக்கியதைக் கணிதத்தில் அணி என்போம். 1969-இல் ஸ்ட்ராசன், 2-க்கு 2 அணிகளைப் பெருக்க 8 பெருக்கல்களுக்குப் பதில் 7 போதும் என்று காட்டினார். அதையே இருமுறை பயன்படுத்தினால் 4-க்கு 4 அணிகளுக்கு 49 வரும். கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாஇவால்வ் என்னும் செயற்கை நுண்ணறிவு அமைப்பு 2025-இல் சிக்கலெண்கள் (-1-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்ட எண்கள்) கொண்ட 4-க்கு 4 அணிகளுக்கு 48 போதும் என்று ஒரு வழியைத் தந்தது. நல்ல வேலை, குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ‘இவ்வளவு போதும்’ என்று காட்ட ஒரு வழியை எடுத்து வைத்தால் முடிந்தது, ‘இதற்குக் குறைந்து முடியவே முடியாது’ என்பதற்கு எல்லா வழிகளையும் ஒருசேர மறுக்க வேண்டும். 2-க்கு 2 அணிகளில் 7-க்குக் கீழே இறங்க முடியாது என்பதை 1971-இல் வினோகிராட் நிறுவினார். அடுத்த அளவான 3-க்கு 3 அணிகளுக்கு 1976-இல் லேடர்மன் கண்ட 23 பெருக்கல்களை இன்றுவரை மனிதரோ கணினியோ குறைக்கவில்லை. 19-க்குக் குறையாது என்பது வரைதான் நிறுவப்பட்டிருக்கிறது. சரியான விடை 19-இலிருந்து 23 வரை உள்ள ஐந்து எண்களில் ஒன்று.