அடுத்தவர் பாத்தி – ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். வீட்டின் பின்புறம் சிறிய காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். தக்காளி, பீன்ஸ், பூசணி. மாலையில் நடக்கப் போகும்போது வழியிலுள்ள தோட்டங்களையெல்லாம் வேலி வழியாகப் பார்த்துக்கொண்டே போவேன். யார் பாத்தியில் என்ன முளைத்திருக்கிறது, யாருடைய பந்தல் சாய்ந்துவிட்டது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் மனைவி இதை அநாகரிகம் என்கிறாள். அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறாள்.

பக்கத்துத் தெருவில் ஒருவர், நான் தக்காளி நட்ட அதே வாரத்தில் நட்டார். அவருடையது காய்த்துக் குலுங்குகிறது. என்னுடையது இலையாகவே வளர்கிறது. என்ன மருந்து அடிக்கிறார் என்று தெரிந்துகொள்ள, ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் வேலிக்குள் கையை விட்டு ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்துகூடப் பார்த்துவிட்டேன். அவர் என்ன உரம் போடுகிறார் என்று உங்களால் ஊகிக்க முடிகிறதா? இது பொறாமையா, ஆர்வமா? நீங்களும் இப்படிப் பார்ப்பவர்தானா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பொறாமையா ஆர்வமா என்ற விசாரணைக்குள் நான் வரப்போவதில்லை. இரண்டும்தான். பிரித்து எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்? ஜன்னல் விஷயத்தில் உங்கள் மனைவியோடு எனக்கு உடன்பாடில்லை. ஜன்னலுக்குத் திரை போடுகிறோம், பாத்திக்கு யாரும் திரை போடுவதில்லை. வேலி ஆட்டுக்கும் மாட்டுக்கும் கட்டியது.

நானும் பார்ப்பவள்தான். என் அம்மாவிடமிருந்து வந்தது. அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்தில் உட்காரமாட்டார். வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொண்டுவருவதற்குள் பின்கட்டைத் தாண்டியிருப்பார். கூடவே போகும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அங்கே போய் நின்றதும் அவர் காயைப் பார்த்ததே இல்லை. குனிந்து மண்ணில் விரலை விட்டு ஈரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு, "போன தடவை இந்த இடத்தில் என்ன போட்டிருந்தீர்கள்?" என்று கேட்பார். எல்லோரும் காய்க்குப் பாராட்டு வரும் என்று காத்திருப்பார்கள். இவர் இதைக் கேட்பார்.

அந்தக் கேள்வியின் அருமை எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம். ஒரே இடத்தில் மாற்றி மாற்றி இவற்றையே வைத்தால் வாடல் நோய்க் கிருமியும் வேர்முடிச்சு நூற்புழுவும் அந்த மண்ணிலேயே குடியேறிவிடும். மாறாக, அங்கே போன பருவத்தில் பீன்ஸோ பட்டாணியோ இருந்திருந்தால், வேர் முண்டுகளில் பாக்டீரியா பிடித்துவைத்த தழைச்சத்தில் (நைட்ரஜனில்) கொஞ்சம் மண்ணில் தங்கியிருக்கும். இன்று நீங்கள் பார்க்கும் தக்காளியின் பாதிக் கதை போன பருவத்தில் நடந்து முடிந்தது. அது வேலி வழியாகத் தெரியாது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இதை யோசித்துக்கொண்டிருந்தேன். காய்கறி வளர்ப்பில் ஒரு மனிதருக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் மிகமிகக் குறைவு. சமையலில் இன்று உப்புக் கூடினால் நாளை குறைத்துப்போடலாம். பூசணியில் பிழைத்தால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். 25 வயதில் தொடங்கி 65 வயது வரை, ஆண்டுக்கு ஒருமுறை தக்காளி நடுகிறவருக்கு மொத்தம் 40 தக்காளிப் பருவங்கள். அவ்வளவுதான். அதிலும் சில மழையில் போகும், சில வெயிலில் போகும், சில வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். மிஞ்சுவதை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன கற்றுக்கொள்ள முடியும்? ஆனால் போகிற வழியில் பத்துத் தோட்டங்கள் இருந்தால் ஒவ்வொரு பருவத்திலும் உங்களுக்குப் பத்து ஆண்டுப் பாடம் கிடைக்கிறது. ஒருவர் முன்னதாக நட்டிருப்பார், ஒருவர் தாமதமாக. ஒருவர் மூடாக்குப் போட்டிருப்பார், ஒருவர் வெறும் மண்ணாக விட்டிருப்பார். பணம் கொடுத்தாலும் இத்தனை சோதனைகளை உங்களால் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. அவர்கள் உங்களுக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள். பார்க்காமல் தலைகுனிந்து நடந்து போவதைத்தான் நான் அநாகரிகம் என்பேன்.

தாமஸ் ஜெஃபர்சன் தன் தோட்டக் குறிப்பேட்டை 1766 முதல் 1824 வரை எழுதினார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மனிதர், எந்த நாளில் பட்டாணி விதைத்தோம், எந்த நாளில் பறித்தோம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். சுற்றியிருந்த தோட்டக்காரர்களுக்குள் ஆண்டுதோறும் ஒரு போட்டி. யார் வீட்டு மேசைக்குப் பட்டாணி முதலில் வருகிறதோ அவர் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். பெரும்பாலும் ஜெயித்தவர் ஜார்ஜ் டைவர்ஸ் என்ற பக்கத்துப் பண்ணைக்காரர். ஒரு வருடம் ஜெஃபர்சனுடைய பட்டாணி முந்திக்கொண்டது. வீட்டார் நினைவூட்டியபோது, வெளியே சொல்ல வேண்டாம், தான் ஒருபோதும் தோற்பதில்லை என்று நண்பர் நினைத்துக்கொள்ளட்டும் என்றாராம். பேரன் பின்னாளில் சொன்ன கதை இது. எல்லோரும் இதில் பெருந்தன்மையைப் பார்க்கிறார்கள். எனக்கு என்னவோ வென்றவனின் சொகுசுதான் தெரிகிறது.

அதைவிட முக்கியமானது, அந்த வேலிக்கு இப்பால் இருந்தது. ஜெஃபர்சனின் காய்கறித் தோட்டம் 1000 அடி நீளம். அதைக் கொத்தியதும் மலைச்சரிவில் மண்ணைச் சமப்படுத்தியதும் அடிமைகள். அவர்களுக்கென்று சிறு பாத்திகள் இருந்தன. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் அவற்றில் வேலை செய்ய முடியும். அங்கே விளைந்ததைப் பெரிய வீடு காசு கொடுத்து வாங்கியிருக்கிறது. 1805 முதல் 1808 வரை ஜெஃபர்சனின் பேத்தி எழுதிய வாங்கல் கணக்கு இருக்கிறது. அந்தப் பெரிய வீட்டுக்கு இந்தச் சின்னப் பாத்திகளிலிருந்து காய் வந்தது. டைவர்ஸின் பட்டாணி என்ன ஆயிற்று என்று அந்த வட்டாரமே பேசிக்கொண்டிருந்தது. இந்தப் பாத்திகளில் நேற்றிரவு யார் நின்றார்கள் என்று அந்த விருந்து மேசையில் யாராவது கேட்டிருப்பார்களா? உங்கள் வழியிலும் கவனியுங்கள். அழகாக இருக்கும் தோட்டம் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும். தகர டப்பாவிலும் சாக்கிலும் யாரோ வளர்ப்பதை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

சரி, இப்போது திட்டு. அந்த இலையைக் கிள்ளினீர்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. திருட்டு என்பதற்காக இல்லை. தக்காளியைத் தாக்கும் தேமல் வைரஸ்களில் சில பரவ ஈயோ பூச்சியோ தேவையில்லை. கை போதும், சட்டைக் கை போதும், கத்தரிக்கோல் போதும். அவர் செடியில் இருந்தால் உங்கள் செடிக்கு வரும், உங்கள் செடியில் இருந்தால் அவருக்குப் போகும். செடி பச்சையாக நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளே இருக்கக்கூடும். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த புகையிலையிலேயே உயிரோடு கிடக்கும் என்பதால், புகை பிடிக்கிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நாற்றைத் தொடக்கூடாது என்று சொல்வார்கள். வைரஸ் என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே இந்தப் புகையிலை நோயைத் துரத்திப் போனதில்தான் தெரியவந்தது. 1892ல் ரஷ்ய விஞ்ஞானி இவானோவ்ஸ்கி, 1898ல் டச்சு விஞ்ஞானி பெய்ஜெரிங்க். இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் நீங்கள் வேலிக்குள் கையை விட்டுக் கிள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். கண்ணால் எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள். கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவிவிட்டு அப்புறம் உங்கள் செடியிடம் போங்கள்.

இன்னொன்று. ஏன் மாலையில் பார்க்கிறீர்கள்? மாலையில் பார்ப்பவருக்குக் காய் தெரியும், வேலை தெரியாது. பூசணிப் பூ விடிகாலையில் மலர்ந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும். தேனீ வராத இடத்தில், ஆண்பூவைக் கிள்ளி அடியில் பிஞ்சு இருக்கும் பெண்பூவில் தடவும் வேலை அந்த நேரத்தில்தான் நடக்கும். அவர் அதைச் செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். ஒருநாள் காலையில் போங்கள். அவர் அங்கே நிற்பார். அப்போது கேட்டுவிட முடியும், முகர வேண்டியதில்லை. தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்டால் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். போதும் என்று சொன்னாலும் நிறுத்தமாட்டார்கள்.

உரத்தை ஊகிக்கச் சொன்னீர்கள். ஊகிக்க மாட்டேன். உங்கள் செடி இலையாகவே வளர்கிறது என்றால் அவர் போடுவது பிரச்சினை இல்லை, நீங்கள் போடுவதுதான். தழைச்சத்து அதிகமானால் தக்காளி கரும்பச்சையாகத் தளதளவென்று வளரும், பூக்க மறந்துவிடும். யூரியாவோ பச்சை எருவோ போட்டுக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். பூ வந்தும் உதிர்கிறது என்றால் அது வேறு கதை. பகலில் 35 டிகிரி செல்சியஸையும் இரவில் 24 டிகிரியையும் தாண்டிக்கொண்டே இருந்தால் மகரந்தம் கெட்டு, உரம் என்ன போட்டாலும் பூ உதிரத்தான் செய்யும். நிழல் இருந்தாலும் இலைதான். தக்காளிக்கு நேரடி வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். அவர் பாத்தி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, உங்கள் பாத்தியின் மேல் எந்தச் சுவரின் நிழல் விழுகிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே? வழியிலுள்ள தோட்டங்களெல்லாம் மனப்பாடம் என்கிறீர்கள். உங்கள் பாத்தியில் வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று பார்த்து எழுதுங்கள். பூ வருகிறதா என்பதையும் சேர்த்து.