விரிசல் இல்லாத சுவரையும் படம் எடுங்கள்

கட்டட ஆய்வுப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர், வீடு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்டன: வேலை தொடங்கும் முன்போ, குடிபோகும் முன்போ வீட்டின் நிலையை எப்படிப் பதிந்து வைப்பது?

பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு, நிலத்தடித் தளத்தோடு அடுக்குக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள். எங்கள் வீட்டுக்கு நாற்பது வயது. இப்போது இருக்கிற விரிசல்களை எல்லாம் படம் எடுத்து வைத்தால் போதுமா, அம்மா?

போதாது. இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. இதேபோல் பக்கத்தில் ஆழமாகத் தோண்டப் போகிறார்கள் என்று ஒரு வீட்டின் நிலையைப் பதிவு செய்ய என்னை அனுப்பினார்கள். அது படச்சுருள் காலம். காலையிலிருந்து மாலை வரை சுவர் சுவராகப் பார்த்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு விரிசலையும் எடுத்தேன். ஐந்து சுருள்கள் தீர்ந்தன. பெருமையோடு வீடு திரும்பினேன். நான்கு மாதம் கழித்து அந்த வீட்டுக்காரரிடமிருந்து அழைப்பு. சமையலறை ஜன்னலின் மேல்மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு பிளவு. என் கோப்பைப் புரட்டினேன். சமையலறையில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. முதலில் போனபோது அங்கே விரிசல் இல்லை. இல்லாததை எதற்கு எடுப்பது என்று விட்டிருக்கிறேன்.

கட்டுகிறவர் தரப்பில் வந்தவர் குரலை உயர்த்தவே இல்லை. “சுவர் நன்றாக இருந்ததால் எடுக்கவில்லையா, அந்த அறைக்குள்ளேயே போகவில்லையா? இந்தக் கோப்பைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றும் அந்தக் கேள்வியில் நான் குறை காணமாட்டேன்.

அன்று முதல் என் வழி இதுதான். ஒவ்வொரு அறையிலும் வாசலில் நின்று, இடப்பக்கத்தில் தொடங்கி நான்கு சுவர்களுக்கும் எண் கொடுப்பேன். விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு சுவருக்கும் தரை முதல் கூரை வரை முழுதாக ஒரு படம். பிறகு கூரை, தரை. அதன் பிறகுதான் குறைகள்: எந்தச் சுவரில் எங்கே என்று புரியும்படி சற்றுத் தள்ளி நின்று ஒன்று, அளவுகோலை ஒட்டிவைத்து நெருக்கத்தில் ஒன்று. நெருக்கப் படம் மட்டும் இருந்தால் அது யார் வீட்டு விரிசல் என்று உங்களுக்கே ஆறு மாதத்தில் மறந்துவிடும். குறை இல்லாத சுவருக்குக் குறிப்பேட்டில் ‘விரிசல் காணப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பின்னால் உங்களுக்காகப் பேசப்போவது அந்த வரிதான்.

படம் எடுக்கும்போது மின்விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத புடைப்பும் ஒட்டுப்பூச்சும் சாய்வொளியில் நிழலோடு எழுந்துவரும். விரல் முட்டியால் பூச்சைத் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுப் பதியுங்கள். படிக்கட்டின் அடிப்பகுதி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், சுற்றுச்சுவரின் வெளிப்புறம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எல்லாக் கதவு ஜன்னல்களையும் ஒருமுறை திறந்து மூடி, எது பிடிக்கிறது என்று எழுதுங்கள். மண் இறங்கினால் சுவருக்கு முன்பே கதவு சொல்லிவிடுவதுண்டு.

எந்தப் பக்கத்தில் அதிகக் கவனம் வேண்டும் என்று கேட்கலாம். தோண்டப்போகும் பள்ளத்தின் அடியிலிருந்து உங்கள் வீட்டை நோக்கி 45 பாகைச் சாய்வில் மேல்நோக்கி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். உங்கள் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், அந்தக் கோட்டுக்கு மேலே, பள்ளத்தின் பக்கமாக நின்றால் அந்தப் பகுதியை அங்குலம் அங்குலமாகப் பதிய வேண்டும். இது தோராயமான வழிகாட்டிதான். மண்ணின் தன்மையும் நிலத்தடி நீரும் கணக்கை மாற்றும். நீரை இறைத்து வெளியேற்றப் போகிறார்கள் என்றால் கோட்டை நம்பாமல் வீடு முழுவதையும் பதியுங்கள்.

விரிசலின் அகலத்தை ‘நூலிழை அளவு’ என்று எழுதியிருக்கிறேன். இதை ஏற்றுக்கொள்வார்களா?

நூலிழை ஆளுக்கொரு தடிமன். மில்லிமீட்டரில் எழுதுங்கள். விரிசலை அளப்பதற்கென்றே வெவ்வேறு தடிமனில் கோடுகள் அச்சிட்ட, ஒளி ஊடுருவும் அட்டைகள் கிடைக்கின்றன. அது கையில் இல்லாவிட்டால் பணப்பையைத் திறங்கள். வங்கி அட்டையின் தடிமன் 0.76 மி.மீ.; உலகெங்கும் அதே அளவுதான். அச்சிடும் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. தாள்கூட நுழையாவிட்டால் மயிரிழை விரிசல். அட்டை நுழைந்தால் முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. நீளமான விரிசலாக இருந்தால் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மேலே அகன்று கீழே குறுகுகிறதா, ஒரே சீராக ஓடுகிறதா என்பதிலிருந்துதான் கட்டடம் எப்படி நகர்ந்தது என்று பொறியாளர் ஊகிக்கிறார். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள்.

அந்த அளவு எவ்வளவு கவலைக்குரியது என்பதற்குப் பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த தரவரிசையைப் பல நாடுகளின் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். 0.1 மி.மீ. வரை கண்டுகொள்ள வேண்டாம். 1 மி.மீ. வரை வண்ணம் அடிக்கும்போது மறைந்துவிடும். 5 மி.மீ. வரை அடைத்துப் பூசலாம். கதவுகள் சற்றுப் பிடிக்கலாம். 5 முதல் 15 வரை என்றால் கொத்தனார் சுவரைக் கொத்தித் திறக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் 25 வரை சுவரின் சில பகுதிகளை இடித்துக் கட்டும் வேலை. 25-ஐத் தாண்டினால் கட்டடத்தின் நிலைத்தன்மையே கேள்விக்குரியது.

ஒரு எச்சரிக்கை. காலையில் அளந்ததையும் உச்சி வெயிலில் அளந்ததையும் ஒப்பிடாதீர்கள். பத்து மீட்டர் நீளக் கான்கிரீட் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மி.மீ. நீள்கிறது. மேல்மாடியில், கூரைத்தளமும் சுவரும் சேரும் இடத்திலுள்ள விரிசல்கள் வெயிலுக்கேற்ப மூடியும் திறந்தும் விளையாடுவது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விரிசலின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பட்டை பூசித் தேதி எழுதும் பழைய முறையையும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பட்டை உடைந்தால் ஏதோ நகர்ந்தது என்று தெரியும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரியாது. விரிசலுக்கு இருபுறமும் ஒவ்வொரு திருகாணியைப் பதித்து, இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் (மில்லிமீட்டரின் சிறு பின்னங்களையும் அளக்கும் கைக்கருவி) மாதம் ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து எழுதிவைப்பது எனக்குப் பிடித்த முறை.

அடுத்த வாரம் வாடகை வீட்டுக்குக் குடிபோகிறேன். வீட்டுக்காரர் தந்த பட்டியலில் எல்லா அறைகளுக்கும் நேரே ‘நல்ல நிலை’ என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். அப்படி எழுதியவர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று சொல்லவில்லை, பெரும்பாலும் சோம்பல்தான். ஆனால் ‘நல்ல நிலை’ என்று ஒப்புக்கொண்டு குடியேறினால், காலி செய்யும் நாளில் சுவரில் இருக்கும் ஒவ்வொரு ஆணித்துளையும் உங்கள் ஆணித்துளையாகிவிடும்.

சாமான்கள் உள்ளே வருவதற்கு முன், வெற்று வீட்டில், பகல் வெளிச்சத்தில், முடிந்தால் வீட்டுக்காரரும் கூட இருக்கும்போது சுற்றிவாருங்கள். எழுதுவதானால் இப்படி எழுதுங்கள்: ‘படுக்கையறை, இரண்டாம் சுவர், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் மூன்று ஆணித்துளைகள். ஒன்றில் பிளாஸ்டிக் செருகி இருக்கிறது.’ ‘குளியலறை, வாஷ்பேசின் விளிம்பில் 2 செ.மீ. சில்லு பெயர்ந்திருக்கிறது.’ படிப்பவர் வீட்டுக்கு வராமலேயே அந்த இடத்தில் விரல் வைக்க முடிய வேண்டும்.

பார்ப்பதோடு நிற்காமல் இயக்கியும் பாருங்கள். குழாய்கள் அனைத்தையும் திறந்து, பாத்திரமும் கையும் கழுவும் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று கவனியுங்கள். தொட்டிக்கு அடியில் கைவிட்டுத் தடவுங்கள். ஈரம் இருந்தால் இப்போதே எழுதுங்கள். ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். அலமாரிகளின் உட்புறம், கதவுகளின் பின்புறம், ஜன்னல் கம்பிகளின் துரு, குளியலறைக் கூரையில் பூஞ்சணம், தரையோரம் சுவரில் உப்புப் பூத்த இடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஈரக்கறை இருந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, தேதி போட்டு, படம் எடுங்கள். பின்னால் கறை கோட்டைத் தாண்டினால் கசிவு தொடர்கிறது என்று நிரூபிக்க வேறெதுவும் வேண்டாம்.

மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் அளவுகளை மீட்டரின் எண்ணும் தெரியும்படி எடுங்கள். வாங்கிய சாவிகளை ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாகப் பரப்பி ஒரு படம். சாவிப் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஒரே ஒரு சாவிக்காக முன்பணத்தில் பிடித்தம் செய்து நடந்த சண்டையைப் பார்த்தவள் நான்.

வெயிலில் வண்ணம் மங்குவது, நடந்து நடந்து தரை தேய்வது போன்ற இயல்பான தேய்மானம் குடியிருப்பவரின் குற்றமாகாது. ஆனால் எது தேய்மானம், எது சேதம் என்று பிரிக்க ஆரம்ப நிலை தெரிந்திருக்க வேண்டுமே. காலி செய்யும் நாளில் அதே இடங்களில் நின்று, அதே வரிசையில் மறுபடி எடுங்கள்.

எல்லாம் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுக்கிறார்.

சண்டை பிடிக்க வேண்டாம். படங்களையும் குறிப்பையும் அன்றே மின்னஞ்சலில் அனுப்பி, ‘இதில் தவறு இருந்தால் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்’ என்று ஒரு வரி சேருங்கள். அவருடைய மௌனம் கையெழுத்துக்குச் சமமாகாது என்பது உண்மைதான். ஆனாலும் குடிபோன நாளிலேயே நீங்கள் சொன்னீர்கள் என்பது பதிவாகிவிடும். தொலைபேசியின் கடிகாரத்தை யாரும் மாற்றலாம். மின்னஞ்சல் சேவையகம் இடும் தேதியை உங்களால் மாற்ற முடியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, எடுத்த நேரம் போன்ற விவரங்களும் உதிர்ந்துவிடும். அதில்தான் அனுப்ப வேண்டும் என்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். மூலப்படத்தில் கைவைக்காதீர்கள். வட்டமிடுவதும் அம்புக்குறி போடுவதும் நகலில் இருக்கட்டும்.

வேலை தொடங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. புதிதாகச் சில விரிசல்கள் தெரிகின்றன. இனிமேல் பதிந்து என்ன பயன்?

இன்றைய நிலையை இன்றே பதியுங்கள். அடுத்த மாதத்துக்கு அதுதான் ஆரம்ப நிலை. கடந்த காலத்துக்கு வீட்டுப் புகைப்படங்களைத் தேடுங்கள். பிறந்தநாள், விருந்தினர் வருகை என்று எடுத்த படங்களில் முகங்களுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது. ஒரு குழந்தை தவழ்ந்த படத்தில் தெரிந்த தரையோரச் சுவரை வைத்தே ஒரு தகராறு தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். விரிசலின் உள்ளேயும் பாருங்கள். தூசியும் பழைய வண்ணமும் படிந்து, ஓரம் மழுங்கியிருந்தால் பழையது. உள்ளே சுத்தமாக, ஓரம் கூராக இருந்தால் அண்மையில் விழுந்தது. அந்தத் தூசியைத் துடைத்துவிடாதீர்கள், படத்துக்கு முன் பூசியும் விடாதீர்கள்.

இயந்திரங்கள் ஓடும்போது பாத்திரங்கள் கிணுகிணுக்கின்றன. வீடு இடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அதிர்வை மனித உடல் வினாடிக்கு 0.3 மி.மீ. வேகத்திலேயே உணர்ந்துவிடும். சாதாரணக் குடியிருப்பின் கடைக்காலுக்கு, மிகக் குறைந்த அதிர்வெண்களில், ஜெர்மனியின் தரவிதி காட்டும் வரம்பு வினாடிக்கு 5 மி.மீ. இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. பயத்தை ஒதுக்கிவிட்டு, எந்த நாளில், எந்த நேரத்தில், என்ன இயந்திரம் என்று எழுதிவாருங்கள். அதிர்வுமானி வைத்து அளக்கும்படி கட்டுகிறவரிடம் கேளுங்கள்.

கட்டப்போவது நான்தான். பக்கத்து வீட்டின் நிலையைப் பதிவு செய்யலாம் என்று போனால், உள்ளே விட மறுக்கிறார்கள். நான் என்ன செய்வது?

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். பழைய விரிசலுக்கெல்லாம் இழப்பீடு கேட்கப்படும் ஆபத்து உங்களுக்குத்தான் என்பதைப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். மறுப்பவர்களின் தயக்கமும் நியாயமானது: தங்கள் வீட்டுக் குறைகளைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறார்கள். ஆய்வாளரை அவர்களே தேர்வு செய்யட்டும், கட்டணத்தை நீங்கள் கொடுங்கள், படங்களின் முழுப் பிரதி அன்றே அவர்கள் கைக்குப் போகட்டும். இந்த மூன்றையும் எழுத்தில் கொடுத்தால் பாதிப்பேர் கதவைத் திறப்பார்கள். மீதிப்பேருக்கு அனுப்பிய கடிதத்தின் நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டு, தெருவிலிருந்தும் உங்கள் மனையிலிருந்தும் தெரிகிற வெளிச்சுவர்களை முழுதாக எடுங்கள். விரிசல் இல்லாத பகுதிகளையும் சேர்த்துத்தான்.