கோயில் காசு, மழைநீர்க் குளம், கட்டி வைத்த பத்திரம்

வாசகர் கேள்வி – பதில். கிரேக்க, ரோமானிய ஆட்சிக் காலத்து யூதர்களைப் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: எருசலேம் கோயிலில் காசுக்காரர்களின் பலகைகளை இயேசு கவிழ்த்தார் என்று படிக்கிறோம். கோயில் வளாகத்தில் அவர்களுக்கு என்ன வேலை? வட்டிக்கடையா? — நாகர்கோவில் வாசகர்

வட்டிக்கடை இல்லை, நாணயம் மாற்றும் கடை. இருபது வயதான ஒவ்வொரு யூத ஆணும் வருடத்துக்கு அரைச் சேக்கல் கோயிலுக்குக் கட்ட வேண்டும். ஊரில் புழங்கும் செப்புக்காசை அள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிட முடியாது. இன்றைய லெபனானில் உள்ள தீரு பட்டணத்தில் அடித்த வெள்ளிக்காசுதான் செல்லும். முழுச் சேக்கல் ஏறக்குறைய 14 கிராம், அரை 7 கிராம். வெள்ளி 90 விழுக்காட்டுக்கு மேல். அக்கம்பக்கத்து அரசுகள் வெள்ளியில் கலப்படத்தை ஏற்றிக்கொண்டே போனபோது, தீருக்காசின் தரம் நின்றது. ஆசாரியர்கள் பார்த்தது அதைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காசின் ஒரு பக்கம் தீருவின் தெய்வமான மெல்கார்ட்டின் தலை, மறுபக்கம் கழுகு. உருவமே கூடாது என்று கட்டளை உள்ள மதத்தின் கோயில் வரி, அந்நிய தெய்வத்தின் முகத்தோடு உள்ளே போயிற்று. நிறைதான் முக்கியம், முகம் எப்படியும் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

நடைமுறையை மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு தேதியோடு சொல்கிறது. யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் முதல் தேதி அறிவிப்பு. 15ஆம் தேதி வெளியூர்களில் பலகை போடுவார்கள். 25ஆம் தேதி பலகை கோயிலுக்கு வந்துவிடும். அன்றிலிருந்து கட்டாதவர்களிடம் அடமானப் பொருள் வாங்கத் தொடங்கலாம். மாற்றும் கூலியாக ஒரு சிறு தொகையும் உண்டு. அடுத்த மாதம் பஸ்கா என்பதால் இந்த அவசரம்.

மீன் வாயிலிருந்து பேதுரு எடுத்த காசு நினைவிருக்கிறதா? அது நான்கு திரக்மா காசு, அதாவது ஒரு முழுச் சேக்கல். இரண்டு பேருக்கான வரி சரியாக அடங்கும்.

வெளிநாட்டு யூதர்கள் வரியைத் திரட்டி, பொன்னாக மாற்றி அனுப்புவார்கள். சிறிய ஆசியாவின் ஆளுநராக இருந்த ஃபிளாக்கஸ் அந்தப் பொன்னைப் பறிமுதல் செய்தார். கி.மு. 59இல் அவர் மீது வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவர் ரோமின் பேச்சாளர் சிசரோ. அப்பாமியாவில் 100 இராத்தலுக்குச் சற்றுக் குறைவு, லவோதிக்கேயாவில் 20 இராத்தலுக்குச் சற்று அதிகம் என்று எடையை அவரே சொல்கிறார். ரோமானிய இராத்தல் சுமார் 327 கிராம். அப்பாமியாவில் மட்டும் 30 கிலோவுக்கு மேல் பொன் என்றால், அந்த வட்டாரத்தில் எத்தனை யூதக் குடும்பங்கள் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: கி.பி. 70இல் கோயில் இடிந்த பிறகு அந்த வரி நின்றுவிட்டதா? — பாளையங்கோட்டை வாசகர்

நிற்கவில்லை. முகவரி மாறியது. யூதர்கள் எங்கிருந்தாலும் ஆண்டுக்கு இரண்டு திரக்மா கட்ட வேண்டும், அது ரோமின் கேப்பிட்டால் குன்றில் உள்ள ஜூபிட்டர் கோயிலுக்குப் போகும் என்று பேரரசர் வெஸ்பாசியன் உத்தரவிட்டார். தொகை பழையதுதான். ஆள்தான் கூடியது. முன்பு வயதுவந்த ஆண்கள் மட்டும் கட்டினார்கள். இப்போது பெண்கள், மூன்று வயதைத் தொட்ட குழந்தைகள், வீட்டு அடிமைகள் எல்லோருக்கும் சேர்த்து.

ஒரு வீட்டைக் கணக்குப் போடுவோம். கணவன், மனைவி, மூன்று வயது தாண்டிய மூன்று பிள்ளைகள், ஒரு அடிமை. முன்பு ஒரு தலைக்கு 2 திரக்மா. இப்போது ஆறு தலைக்கு 12 திரக்மா, ரோமானியக் காசில் 12 தெனாரியஸ். அன்றைய ரோமானியப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். ஆக, அவனுடைய பாதி மாதச் சம்பளத்துக்கும் மேல் இந்த ஒரு வரிக்கே.

எகிப்தில் எட்ஃபு நகரில் கிடைத்த பானை ஓட்டு ரசீதுகளில் இதை நேரில் பார்க்கலாம். உள்ளங்கை அளவு ஓட்டில், இன்னார் மகன் இன்னார் யூத வரி கட்டினார் என்று மையால் எழுதியிருக்கும். தொகை 8 திரக்மா 2 ஓபோல் (ஓபோல் என்பது சில்லறைக்காசு). இரண்டு திரக்மா எப்படி எட்டாயிற்று என்று குழம்ப வேண்டாம். எகிப்தின் திரக்மா மட்டமானது, நான்கு சேர்ந்தால்தான் ஒரு தெனாரியஸ். இரண்டு ஓபோல் மாற்றுக்கூலி. இதோடு ‘முதற்பலன்’ என்று இன்னொரு திரக்மாவும் வாங்கினார்கள். மொத்தம் 9 திரக்மா 2 ஓபோல். இந்த ஓடுகள் கி.பி. 116 வரை வருகின்றன. எகிப்து யூதர்களின் கிளர்ச்சி 115இலிருந்து 117 வரை நடந்து இரத்தத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு எட்ஃபுவில் ரசீது இல்லை.

பேரரசர் டொமிஷியன் காலத்தில் வசூல் கெடுபிடியானது. யூதரென்று சொல்லாமல் யூதராக வாழ்பவர்கள், பிறப்பை மறைத்தவர்கள் எல்லோரையும் தேடினார்கள். கூட்டம் நிறைந்த ஒரு மன்றத்தில் 90 வயது முதியவரின் ஆடையைக் களைந்து விருத்தசேதனம் ஆனவரா என்று சோதித்ததை இளவயதில் பார்த்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். கி.பி. 96இல் நெர்வா பேரரசர் ஆனதும் ‘யூத வரியின் பொய்க் குற்றச்சாட்டு நீங்கியது’ என்று பேரீச்சை மரத்தோடு காசு அடித்தார். வரியை நீக்கவில்லை, காட்டிக்கொடுப்பதைத்தான் நீக்கினார். இதைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள்.

கேள்வி: பழைய எருசலேம் வீடுகளில் படிக்கட்டோடு தொட்டிகள் கிடைக்கின்றனவாமே. குளிக்கும் தொட்டியா, தண்ணீர்ச் சேமிப்பா? — மதுரை வாசகர்

இரண்டும் இல்லை. தீட்டுக் கழிக்க முழுகும் தொட்டி. மிக்வே என்று பெயர். அழுக்கை முதலிலேயே கழுவிவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்.

குறைந்த அளவு 40 சேயா (சேயா ஒரு பழைய முகத்தலளவை). ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், மூன்று முழ ஆழம் என்று ரபிகள், அதாவது யூதச் சட்ட அறிஞர்கள், கணக்குச் சொன்னார்கள். முழத்தை எவ்வளவு என்று வைக்கிறோமோ அதைப் பொறுத்து 300 லிட்டர் அல்லது அதற்கு மேல் வரும். ஒரு ஆள் முழுக்க அமிழ அது போதும். தோண்டியெடுத்த தொட்டிகள் பலவும் இதைவிடப் பல மடங்கு பெரியவை.

சிக்கல் அளவில் இல்லை, தண்ணீர் வந்த வழியில்தான். மழைநீர் தானாக ஓடி வந்து விழ வேண்டும். வாளியில் மொண்டு ஊற்றினால் அது ‘மொண்ட நீர்’. 40 சேயா நிரம்பும் முன் மூன்று லோக் மொண்ட நீர் சேர்ந்தால் தொட்டி முழுவதும் கெட்டது, இறைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். மூன்று லோக் என்பது 40 சேயாவில் 320இல் ஒரு பங்கு, ஒரு லிட்டர் போல. ஆனால் 40 சேயா மழைநீர் ஒருமுறை நிறைந்துவிட்டால் பிறகு எத்தனை குடம் ஊற்றினாலும் கெடாது. முதல் மழையில் வீட்டார் தொட்டியை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்திருப்பார்கள். கூரையிலிருந்து பாறையில் வெட்டிய வாய்க்கால் வழியாக நீர் வரலாம். நடுவில் பானை வைத்துப் பிடித்தால் போச்சு, பானை பாத்திரம் ஆயிற்றே.

இன்னொரு கண்டம், கசிவு. ஊற்று நீர் ஓடினாலும் தூய்மையாக்கும், மழைநீர் நின்றால்தான் ஆக்கும். சுவரில் விரிசல் விழுந்து நீர் ஒழுகினால் அது ஓடும் மழைநீர், செல்லாது. அதனால்தான் சாம்பல் கலந்த சாம்பல்நிறச் சுண்ணாம்புச் சாந்தைத் தடவித் தடவிப் பூசியிருக்கிறார்கள். சில தொட்டிகளில் அடுக்கடுக்காய்ப் பூச்சு தெரிகிறது. அங்கே கோடையில் மழையே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடைக்கு ஒரு வழி இருந்தது. பக்கத்துத் தொட்டியில் மொண்ட நீரை நிரப்பி, நடுச்சுவரில் துளையிட்டு நல்ல தொட்டியின் நீரைத் தொடவிட்டால் அதுவும் நல்லதாகிவிடும். துளையின் அளவு: தோல்துருத்தியின் வாய்க்குழாய் அளவு, இரண்டு விரலை உள்ளே விட்டுச் சுழற்ற வர வேண்டும்.

சில தொட்டிகளின் படிக்கட்டு நடுவே தாழ்ந்த வரம்பு இருக்கும். தீட்டோடு இறங்குகிறவர் ஒரு பக்கம், தூய்மையாகி ஏறுகிறவர் மறுபக்கம் என்பதற்காக என்று சொல்வார்கள். எல்லாத் தொட்டியிலும் அந்த வரம்பு இல்லை.

தீட்டைப் பற்றிய இதே கவலையால்தான் சுண்ணாம்புக்கல்லில் குடைந்த குவளையும் சாடியும் அக்காலத்து வீடுகளில் ஏராளம். மண்பாண்டத்தில் தீட்டுப் பட்டால் உடைத்துவிட வேண்டும், கல்லுக்குத் தீட்டே ஒட்டாது. கானா ஊர்க் கல்யாணத்தில் நின்ற ஆறு கற்சாடிகள் இந்த வகைதான்.

கேள்வி: யூதர்கள் கிரேக்கர்களிடம் எண்ணெய்கூட வாங்க மாட்டார்களாமே? — திண்டுக்கல் வாசகர்

பலர் வாங்கவில்லை. அந்தியோக்கியாவில் உடலில் பூசப் பொது எண்ணெய் கொடுக்கும்போது யூதர்களுக்கு அதற்கு ஈடான பணம் தந்தார்கள் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதுகிறார். இதை வைத்து கலிலேயாவின் கிஸ்காலா ஊர் யோவான் பணம் பண்ணினார் என்பதும் அவர் சொன்னதே. நான்கு ஜாடி எண்ணெயை நான்கு திரக்மாவுக்கு வாங்கி, அரை ஜாடியை அதே விலைக்கு விற்றாராம். எட்டு மடங்கு. தன் வாழ்க்கை வரலாற்றில் ஜோசிஃபஸே வேறு கணக்குத் தருகிறார், அதில் பத்து மடங்கு வருகிறது. யோவான் அவருடைய பரம எதிரி, அதனால் இரண்டு கணக்கையும் சற்றுச் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ரபிகளே அந்நியர் எண்ணெய்க்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: படிக்காத ஒரு யூதப் பெண் ரோமானிய நீதிமன்றத்துக்குப் போக முடியுமா? — சேலம் வாசகர்

போனவர் ஒருவர் இருக்கிறார், கட்டுக் காகிதத்தோடு. பெயர் பாபத்தா. சாக்கடலின் தென்முனையில் பேரீச்சந்தோப்பு உடையவர். எழுதத் தெரியாது, வேறொருவர் அவருக்காக எழுதிக் கொடுப்பார். ரோமுக்கு எதிரான பார் கோக்பா கிளர்ச்சிக் காலத்தில் நாகல் ஹெவர் குகையில் ஒளித்துவைத்த அவருடைய தோல் பையை 1961இல் தொல்லியலாளர் யிகால் யாதின் குழு எடுத்தது. உள்ளே 35 பத்திரங்கள், கி.பி. 94 முதல் 132 வரை, கிரேக்கம், அரமேயம், நபாத்தேயம் (பெட்ரா வட்டார மக்களான நபாத்தேயரின் எழுத்து) மூன்றிலும்.

வழக்கு இதுதான். கணவர் இறந்தபின் மகன் யேசுவாவுக்கு பெட்ரா நகரசபை இரண்டு காப்பாளர்களை நியமித்தது, ஒருவர் யூதர், ஒருவர் நபாத்தேயர். அவர்கள் பிள்ளையின் செலவுக்கு மாதம் 2 தெனாரியஸ் கொடுத்தார்கள். போதாது என்றார் பாபத்தா. பிள்ளையின் பணத்துக்கு 100க்கு மாதம் அரை தெனாரியஸ்தான் ஈட்டுகிறீர்கள், பணத்தை என்னிடம் கொடுங்கள், என் சொத்தை ஈடு வைக்கிறேன், 100க்கு ஒன்றரை தருகிறேன் என்று சாட்சிகள் முன் எழுதி வைத்தார். அரைக்கு ஒன்றரை, அதாவது மூன்று மடங்கு. மாதம் 2 என்பது 6 ஆகும். காப்பாளர் மீது வழக்குப் போடும் ரோமானியச் சட்ட வாசகத்தின் கிரேக்கப் படி அந்தப் பையில் ஒன்றல்ல, மூன்று இருந்தது.

ஜெயித்தாரா? கி.பி. 132 ஆகஸ்டில் அவர் கொடுத்த ரசீது இருக்கிறது. மூன்று மாதத்துக்கு 6 தெனாரியஸ் பெற்றுக்கொண்டேன். மாதம் இரண்டேதான்.

பத்திரத்தின் அமைப்பையும் சொல்லிவிடுகிறோம். தாளின் மேல்பாதியில் வாசகத்தைப் பொடி எழுத்தில் எழுதி, இறுக்கச் சுருட்டி, நூலால் பல இடத்தில் கட்டுவார்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் நேராகப் பின்புறத்தில் ஒரு சாட்சி கையெழுத்திடுவார். அதே வாசகம் கீழ்ப்பாதியில் மறுபடியும், அது திறந்தே இருக்கும். நாள்தோறும் பார்க்கக் கீழ்ப்பிரதி. யாராவது அதில் எண்ணைத் திருத்திவிட்டதாகத் தகராறு வந்தால் நூலை அறுத்து மேல்பிரதியைப் படிப்பார்கள். ரோமானிய ஆட்சியில் இந்த உள்பிரதியைச் சோம்பலாக நாலைந்து வரியோடு முடித்த பத்திரங்களும் உண்டு. அப்படிச் செய்தால் கட்டி வைத்ததன் பயன் பாதி போயிற்று.

கேள்வி: பைபிளில் வரும் மயிலின் எபிரேயப் பெயர் நம் ‘தோகை’ என்கிறார்களே, கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அப்படித்தானா? — தஞ்சாவூர் வாசகர்

சாலொமோனின் கப்பல்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொண்டுவந்த சரக்கில் ‘துக்கியீம்’ என்றொரு சொல் வருகிறது. இது தோகையிலிருந்து வந்தது என்பது பழைய கருத்து. பலமான ஊகம், அவ்வளவுதான்.

கிரேக்கத்தில் கதை வேறு. அலெக்சாந்திரியாவில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய எழுபதின்மர் மொழிபெயர்ப்பின் பழைய படியான வாத்திகன் சுவடியில், இராஜாக்கள் நூலின் அந்த இடத்தில் மயிலும் இல்லை, குரங்கும் இல்லை, ‘செதுக்கிய, கொத்திய கற்கள்’ என்று இருக்கிறது. நாளாகமத்தில் தந்தமும் குரங்கும் உண்டு, மயில் இல்லை. ஜோசிஃபஸ் இன்னும் விசித்திரம்: தந்தம், எத்தியோப்பியர், குரங்கு என்று எழுதினார். ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பில் மயில் இருக்கிறது. இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி.