மீன் ஏத்தின பிக்அப்: முதல்ல சேஸிஸைத் தட்டிப் பாருங்க

தம்பி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்ல ஏழு வருஷம் மீன் ஏத்தின பொலீரோ பிக்அப், புதுப் பெயின்ட், வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. எஞ்சினை அப்புறம் பாருங்க. மீன்பெட்டியில வடியிற உப்புத்தண்ணி தொட்டி இடுக்கு வழியா இறங்கி சேஸிஸுக்குள்ள, அதாவது வண்டியைத் தாங்குற அடிச்சட்டத்துக்குள்ள, தங்கி அரிக்கும்; பெயின்ட் அதை மறைச்சிடும். அடியில படுத்து, பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டுற பிராக்கெட்டையும் குறுக்குச் சட்டத்தையும் சின்னச் சுத்தியலால தட்டுங்க. கணீர்னா நல்ல இரும்பு. மொத்துன்னு கேட்டு பொருக்கு உதிர்ந்தா விட்டுடுங்க. வெல்டிங் ஒட்டு இருந்தாலும் வேண்டாம், பாரம் ஏத்தினா ஒட்டுக்குப் பக்கத்துல விரியும். பின்சக்கர பிரேக் குழாய் துருப்பிடிச்சிருந்தா மாத்தியே ஆகணும், விலையில கழிங்க.

எட்டு வருஷம் தாண்டினா எஃப்.சி.ங்கிற தகுதிச் சான்று வருஷாவருஷம் எடுக்கணும். கடன் இருந்தா வங்கித் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யில கடன் பதிவை நீக்குற படிவம் 35-ம் வராம பணம் கொடுக்காதீங்க.

வாங்கினா, ஒவ்வொரு லோடுக்கும் பிறகு அடிப்பக்கம் கழுவுங்க. உப்புப் போர்த்தண்ணி உதவாது, நல்ல தண்ணியே வேணும்.