முள்ளில் மாட்டிய மீனும் கூட வந்தவையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் குளத்தில் தாத்தாவோடு தூண்டில் போட்டு வளர்ந்தவன் நான். மாட்டிய கெண்டை கரைக்கு வரும் முன்பே நழுவிவிட்டால் தாத்தா உடனே எழுந்துவிடுவார். "இனி இங்க கடிக்காதுடா. அது போய் எல்லாத்துக்கும் சொல்லிரும்" என்பார். சென்ற மாதம் தூத்துக்குடியில் நண்பரின் படகில் போனேன். ஒரு பாறை மீன் மாட்டியது. இழுக்க இழுக்க, அதே அளவில் இன்னும் இரண்டு பாறைகள் அதை ஒட்டிக்கொண்டு படகு வரைக்கும் வந்தன. தூக்கிய பிறகும் அந்த இடத்தையே சுற்றின. காப்பாற்ற வந்தவை போல இருந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாத்தா சொன்னது சரி என்றால் அவை ஏன் ஓடவில்லை? நான் பார்த்தது என்ன?

அன்புடன்,
க., மன்னார்குடி

அன்புள்ள க.,

உங்கள் தாத்தா சொன்னதில் முக்கால்வாசி உண்மை. அவர் சொன்னது கெண்டையைப் பற்றி, நீங்கள் பார்த்தது பாறையை. குளத்து நியாயம் வேறு, கடல் நியாயம் வேறு.

முதலில் குளம். சிறுவயதில் அப்பாவோடு கால்வாய்க்குப் போவேன். பிடித்த மீன்களைச் செவுள் வழியாக நாரில் கோத்துத் தண்ணீரிலேயே தொங்கவிடுவது வழக்கம், வாடாமல் இருக்கும் என்று. ஒருநாள் வாய் கிழிந்து, வயிற்றோரம் தோல் உரிந்த ஒரு கெண்டையைக் கோத்துப் படித்துறையின் மேல்படி ஓரம் விட்டேன். கீழ்ப்படியில் பொடிமீன்கள் கூட்டமாக நின்று பாசியைக் கொறித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் என் கெண்டை இருந்த பக்கத்திலிருந்து அவற்றை நோக்கி மெதுவாக ஓடியது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கூட்டம் சட்டென்று இறுகியது, ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்போல. அப்படியே சுழன்று அடிமண்ணுக்கு இறங்கி அசையாமல் நின்றது. என் நிழல் விழவில்லை, சத்தமும் இல்லை. அப்பா நாரை எடுத்துக் கீழ்ப்போக்கில் கட்டச் சொன்னார். காரணம் அவருக்கும் தெரியாது, செய்ய வேண்டியது மட்டும் தெரியும்.

காரணத்தை நான் பல வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். தேனீக்களின் நடனத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்து 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ் மீன்களையும் ஆராய்ந்தவர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்ன மீனைக் காயப்பட்ட நிலையில் கூட்டத்துக்குள் விட்டபோது மொத்தக் கூட்டமும் மிரண்டு ஓடியதைக் கவனித்தார். அதைப் பற்றி 1938இல் எழுதினார். இந்த மீன்களின் மேல்தோலில் சில உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே திறக்கும் வாய் கிடையாது. தோல் கிழிந்தால்தான் உள்ளே இருப்பது தண்ணீரில் கலக்கும். அதை மோந்த அதே இனத்து மீன் கூட்டத்தை இறுக்கிக்கொள்ளும், அடிக்குப் போகும், உறைந்து நிற்கும். அவர் அதற்கு வைத்த ஜெர்மன் பெயருக்கு 'அச்சப்பொருள்' என்று அர்த்தம். 2012இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வரிக்குதிரை மீன்களை வைத்து, தோல் சளியில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரைச் சேர்மத்தின் துண்டுகள் இந்த மிரட்சியைத் தூண்டுகின்றன என்று காட்டினார்கள். கெண்டை, கெளுத்தி, அயிரை எல்லாமே இந்தப் பெரிய வம்சத்தில் வருபவை. நம் குளத்து மீன்களில் பாதி இதுதான்.

இப்போது தாத்தாவின் பேச்சுக்கு வருவோம். சுத்தமாக உதட்டில் குத்தி உடனே வெளியே வந்துவிடும் மீன் தண்ணீரில் அதிகம் எதையும் விட்டுச் செல்வதில்லை. நழுவும் மீன் எது? பெரும்பாலும் உதடு கிழிந்ததுதான். கிழிந்த வாயோடு அது கூட்டத்துக்கே திரும்பிப் போகிறது. நழுவினால் மட்டும் அவர் இடம் மாறியதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். "போய்ச் சொல்லிரும்" என்றாரே, அந்த மீன் எதையும் சொல்ல நினைக்கவில்லை. அதன் காயமே சொல்லிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கெண்டைக்கு ஞாபகம் அதிகம். நெதர்லாந்தில் நடந்து 1970இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே முறை முள்ளில் மாட்டி விடுபட்ட கெண்டைகள் அடுத்த ஆண்டும் முள்ளுக்கு எளிதில் வரவில்லை. தான் மாட்டாமல், கூட இருந்த மீன்கள் மாட்டுவதை அனுபவித்த கெண்டைகளும் உஷாராகின்றன என்று பின்னால் வந்த ஆய்வு சொல்கிறது. அதே சோதனையில் டிரவுட் மீன்கள் மற்றவை மாட்டியதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மீன் என்று பொதுவாகப் பேசினால் தப்பாகிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் கடல். பாறை கூட்டமாக வேட்டையாடும் மீன். கூட்டத்தில் ஒன்று திடீரென்று தலையை உதறிக்கொண்டு பாய்ந்தால், மற்றவற்றுக்கு அது 'இவனுக்கு இரை கிடைத்துவிட்டது' என்றுதான் படும். மாட்டிய மீன் பல சமயம் தின்றதைக் கக்கவும் செய்கிறது. கூட வருபவற்றுக்கு அது விருந்து. வட அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். மாட்டிய மீனின் வாயில் தொங்கும் போலி இரையைப் பிடுங்க இன்னொன்று வந்து, ஒரே இரையில் இரண்டும் மாட்டுவது உண்டு. மஹி மஹி என்ற கடல்மீனைப் பிடிப்பவர்கள் மாட்டிய முதல் மீனை உடனே தூக்காமல் படகோரம் தண்ணீரிலேயே வைத்திருப்பார்கள். அது அங்கே இருக்கும்வரை கூட்டம் நகராது என்பது அவர்கள் கணக்கு.

லட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் சூரை மீன் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். உயிருள்ள பொடிமீனை வாரி இறைப்பார்கள், படகோரம் தண்ணீரைச் சிதறடிப்பார்கள். மேலே இரைக் கூட்டம் துள்ளுகிறது என்று சூரை நம்பும். முள்ளில் மீனைக் கழலவிடாமல் பிடிக்கும் எதிர்முனை இருக்காது, அதனால் தூக்கி வீசியதும் மீன் தளத்தில் தானாகக் கழன்று விழும். பக்கத்தில் இருந்தது ஆகாயத்துக்குப் போவதை அடுத்த சூரை கண்டுகொள்வதே இல்லை. இலங்கையில் சம்பலில் இடிக்கும் மாசிக் கருவாடு இந்த மாதிரிப் பிடித்த சூரையிலிருந்து வருவதுதான்.

ஆக, உங்கள் இரண்டு பாறைகளும் காப்பாற்ற வரவில்லை. இரைக்காக வந்திருக்கும், கூட்டத்தை விட்டுப் பிரியாமல் இருக்கவும் வந்திருக்கும். தனியாக நிற்கும் மீனைத்தான் சுறாவும் ஊளி மீனும் குறிவைக்கும், அதனால் துணையை ஒட்டி நிற்பது அவற்றுக்கு உயிர்ப் பிரச்சினை. சுற்றிச் சுற்றி வந்தது அந்தத் துணை இருந்த இடத்தை. சாப்பாடு இறங்காததற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டாம். அவை என்ன நினைத்தன என்பது நமக்கு எட்டாது, ஒன்று குறைந்துவிட்டது என்பது மட்டும் அவற்றுக்கு எட்டியிருக்கிறது.

காப்பது என்ற சொல்லை நான் தயங்காமல் சொல்லும் ஒரே இடம் விரால். நீங்கள் மன்னார்குடிக்காரர், பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் குளத்தோரப் பாசி நடுவே தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுந்ததுபோலப் பொரிந்துகொண்டிருக்கும். குனிந்து பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள், ஒன்றன் மேல் ஒன்றாக மூச்சுக்கு மேலே வந்து போகும். அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். அங்கே தவளையைப் போட்டால் பசி இல்லாவிட்டாலும் பாய்ந்து கடிக்கும், குஞ்சுக்கு ஆபத்து என்று. அந்தக் கோபத்தை நம்பித்தான் பலர் அங்கே தூண்டில் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஒன்றைக் கரையேற்றியபோது மற்றது குஞ்சுக் கூட்டத்தை விட்டு நகரவில்லை, முன்னைவிட மேலாக வந்து நின்றது. இரண்டாவது முறை போட்டதும் அதுவும் கடித்தது. மறுநாள் காலை போனேன். அந்த இடத்தில் கொக்கு இரண்டு நின்றன. தண்ணீர் பொரியவில்லை.

அதற்குப் பிறகு குஞ்சு கண்ட இடத்தில் நான் தூண்டிலைப் பிரிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊர்க் குளத்துக்குப் போனால் முதலில் பாசியோரத்தை ஒரு சுற்றுப் பாருங்கள். பொரிகிற தண்ணீர் தெரிந்தால் எதிர்க்கரைக்குப் போய் மண்புழுவில் ஜிலேபி மீன் பிடியுங்கள், அது எப்படியும் கடிக்கும்.

அன்புடன்.